ஆடாமல் கிடந்த கை

மலைமேல் மன்னவனூரிலிருந்து, நான் மருத்துவ உதவியாளராக இருக்கும் ஆம்புலன்ஸுக்கு அழைப்பு. நோயாளியின் பேரைக் கேட்டதும் அலுத்துக்கொண்டேன். தங்கராசு, ஹன்டிங்டன் நோயாளி. பரம்பரையாக வருவது. கை கால் தன்னாலே ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடிகாரர் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவர்கள்கூட உண்டு. கீழே விழுந்தவரை மூன்று முறை நானே ஏற்றியிருக்கிறேன்.

"வாய் குழறுது, நிக்க முடியலங்கறாங்க" என்றார் டிரைவர் சேகர்.

"என்னைக்கு நின்னாரு? பழைய கேஸ்தான்" என்றேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

முகம், கை, பேச்சு: பக்கவாதத்துக்கு நாங்கள் பார்ப்பது இவைதான். எப்போதும் குழறுகிறவரிடம் பேச்சை வைத்து என்ன சொல்வது? வீட்டுக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று கிளம்பப் பார்த்தேன். அவர் மனைவி முத்துலட்சுமி வழியை மறித்தார்.

"அண்ணே, இடது கையப் பாருங்க! தூங்கினாத்தான் அது அடங்கும். இப்ப முழிச்சிருக்காரு, கை ஆடாம கெடக்கு!"

வலது கை துள்ளிக்கொண்டிருந்தது. இடது கையைத் தூக்கி விட்டேன். தொப்பென்று விழுந்தது. பி.பி. எகிறியிருந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"ஆறரை பஸ்ஸு போறப்ப ஆடுச்சுண்ணே. காபியத் தட்டிவிட்டாரு, வஞ்சேன். அதுக்கப்புறந்தான்."

மணி ஏழேகால். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஊசி இருக்கும் ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே.

"சேகரு, வெரசா எடு!"

சிக்னல் கிடைத்த வளைவில் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ஹன்டிங்டன்னா பேச்சு எப்பவுமே குழறுமே?"

"ஆமா சார். ஆனா ஆடுற கை நின்னுபோச்சு. ஆறரைக்கு ஆடியிருக்கு."

"கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் ரெடியா இருக்கும்."

வழியில் பெருமாள்மலையில் டூரிஸ்ட் வேன்கள் நெருக்கியடித்து நின்றன. நான் இறங்கி ஓடி, கத்தி, வண்டிகளை விலக்கினேன். அப்படி ஓடியது என் கால்தானா என்று எனக்கே ஆச்சரியம். பத்தேகாலுக்கு ஸ்கேன். பக்கவாதமேதான். நேரத்துக்குள் ஊசி போட்டாயிற்று!

"இவங்களுக்கும் ஸ்ட்ரோக் வருங்க. எல்லாரும் ஆட்டத்தையே பாக்குறாங்க, பி.பி.ய யாரும் பாக்குறதில்ல" என்றார் டாக்டர்.

மறுநாள் வேறொரு நோயாளியை இறக்கப் போனேன். வராந்தாவில் முத்துலட்சுமி ஓடி வந்தார்.

"அண்ணே, இடது கை ஆடுதுண்ணே! தண்ணி டம்ளரத் தட்டிவிட்டுட்டாரு!"

அந்த ஆட்டத்தோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர், அதற்காகவே சிரித்து அழுதார். நானும் அழுதேன்.

புதிதாக வண்டியில் ஏறுகிறவர்களே, 'பழைய கேஸ்' என்று எழுதுமுன் வீட்டிலிருப்பவரிடம், "இன்னைக்கு என்ன புதுசு?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அந்த அம்மா என்னைப் போக விடவில்லை, அதனால்தான் தங்கராசு பிழைத்தார்.