ஆரஞ்சு நிறக் கூண்டு

பக்கி வண்டிப் பந்தயத்தில் என் மகள் ஓட்டப்போகிறாள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்லப்போவது நான் என்று தெரிந்ததும் எங்கள் பனியன் கம்பெனியின் சாம்பிள் செக்ஷனே சிரித்தது. சிரிக்கவைத்தது நானேதான். பக்கி என்றால் கதவும் கூரையும் இல்லாமல் காடுமேடு ஏறுகிற நான்கு சக்கர வண்டி. ஓட்டுகிறவரும் துணை ஆளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கவிழ்ந்தால் தலை தரையில் மோதாமல் காப்பது, மேலே வளைத்து வெல்டு வைத்திருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றுதான்.

முதல் ஒத்திகை சாமளாபுரத்துக்கு அப்பால் ஒரு தரிசுக் காட்டில் நடந்தது. வழி சொல்ல வேண்டிய நான், "ஐயோ" என்பதைத் தவிர ஒரு திசையும் சொல்லவில்லை. முனியப்பனுக்கு ஒரு கிடா வேண்டிக்கொண்டேன். அடுத்த பள்ளத்தில் மாதா கோயிலுக்கும் மெழுகுவர்த்தி சொல்லிவைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்த என் தோளை மகள் தட்டினாள்.

"அப்பா, வண்டி நின்னு ரெண்டு நிமிசம் ஆச்சுங்க."

இதை நான் பேக்கரியில் டீ குடிக்கும்போது நடித்தே காட்டினேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒன்றாக வளர்ந்தவன். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்து, பனியன் கம்பெனிகளுக்குத் துணி ட்ராலியும் ரேக்கும் செய்து கொடுக்கிறான். என் மகள் நடை பழகியது அந்தப் பட்டறையில்தான். வண்டிக்குக் கூண்டு செய்யும் வேலையை அவனைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பேன்?

எங்கள் தொழிலில் முதலில் சாம்பிள் வரும். பார்த்து, கையெழுத்துப் போட்டு, டேக் கட்டி வைப்போம். பிறகு மொத்தச் சரக்கும் அதைப் போலவே வரவேண்டும். இருபத்தைந்து வருடப் பழக்கம் எங்கே போகும்? அவன் ஒரு முழ நீளத்துக்குக் குழாய்த் துண்டு வெட்டிக் கொடுத்தான். சீம்லெஸ் என்கிற, நீளவாக்கில் மூட்டு இல்லாத குழாய், நல்ல கனம். அதிலும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டு டேக் கட்டினேன்.

"ஏண்டா மாப்ள, இது என்ன டீசர்ட்டா?" என்று கேட்டான்.

"துவைச்சா சுருங்குமான்னு மட்டும் சொல்லு" என்றேன்.

இரண்டு வாரத்தில் கூண்டு தயாரானது. ஆரஞ்சு நிறத்தில் பவுடர் கோட்டிங். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிறத்தைச் சோதித்தேன். மகள் கேட்ட ஆரஞ்சுதானா என்று ஷேடு கார்டை வைத்து வெயிலிலும் நிழலிலும் ட்யூப்லைட்டிலும் பார்த்தேன். வெல்டு வைத்த இடங்களைத் தையலைத் தடவுவதுபோல் தடவினேன். பிசிறு இல்லை. குழாயின் கனத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சிறு துளை போட்டுப் பார்த்துவிடலாமா என்று மகள் கேட்டபோது, "கோட்டிங் கெட்டுப் போயிரும் கண்ணு" என்றான் அவன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவன் நான்.

பந்தயத்தன்று காலை, அதே தரிசுக் காட்டில் ஒவ்வொரு வண்டியையும் சோதித்த பிறகுதான் களத்துக்குள் விட்டார்கள். பெல்ட், ஹெல்மெட், பக்கவாட்டு வலை, தீயணைப்பான், எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் எல்லாம் சரி. கடைசியாகச் சோதனைக்காரர் கையில் ஒரு ட்ரில்லோடு கூண்டுக்கு வந்தார். மகள் பெல்ட் மாட்டி உள்ளே உட்கார்ந்திருந்தாள். ட்ரில் கொய்யாப் பழத்தில் இறங்குவதுபோல் சட்டென்று இறங்கியது. துளையில் கம்பியை விட்டு அளந்தார்.

"சொன்ன கனத்துல பாதிகூட இல்லீங்க. அதோட, இது தகட்ட வளச்சு மூட்டுன குழாய். கவுந்தா அப்படியே படுத்துரும். இதுக்குள்ளயா புள்ளைய உக்கார வெச்சீங்க?"

பந்தயம் பார்க்க வந்திருந்த நண்பன் என்னைத் தனியே இழுத்துப் போனான்.

"மாப்ள, அந்த வாரம் சீம்லெஸ் கெடைக்கல. தேதி போயிருமேன்னு, ட்ராலிக்கு வாங்கி வெச்சத எடுத்துப் போட்டுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீ வுட்டிருக்க மாட்ட. நீ பக்கத்துல உக்காந்து கத்துற கத்துக்குப் புள்ள முப்பது கிலோமீட்டர் வேகத்தத் தாண்டுமா? எங்கடா கவுறப் போவுது?"

சாம்பிள் ஒரு நூலில், சரக்கு வேறு நூலில் என்று கம்பெனிகள் செய்யும் வித்தையை இந்த ஊரில் எத்தனை பேர் எனக்குக் காட்டியிருக்கிறார்கள்! அந்தக் கதைகளையும் சிரிக்கச் சிரிக்க அவனிடம்தான் சொல்லியிருந்தேன். என் பயத்தைக் கோமாளித்தனமாக்கி ஊருக்கெல்லாம் விற்றதும் நான்தான். அவன் அதை நம்பி, வண்டி வேகமே எடுக்காது என்ற கணக்கிலேயே குழாயைப் போட்டுவிட்டான்.

மகளின் பெல்ட்டை அவிழ்க்கப் போனேன். எனக்குக் கொக்கி விடவில்லை. அவளே அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். அழவில்லை. நேராக அவனிடம் போனாள்.

"மாமா, ஓட்டப்போறது நாந்தான்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

"தெரியுங் கண்ணு" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பெயரைப் பந்தயப் பட்டியலில் அடித்துவிட்டார்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம் என்றேன். கொஞ்சம் பார்க்கலாம் என்று மகள் தடுப்புக் கயிற்றின் அருகே நின்றாள். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்த வண்டி கிளம்பியது. அவள் ஒத்திகை பார்த்த மூன்றாவது வளைவில் மேட்டில் ஏறி ஒருக்களித்து, இரண்டு முறை உருண்டு, தலைகீழாக நின்றது. புழுதி அடங்குவதற்குள் ஓட்டியவர் ஊர்ந்து வெளியே வந்து கையை ஆட்டினார். ஜனம் கைதட்டியது. கூண்டில் ஒரு நெளிவுகூட இல்லை.

நான் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நண்பனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். முகம் வெளுத்திருந்தது. "எந்திரி மாப்ள" என்று கையை நீட்டினான்.

சிரித்துச் சமாளிக்க ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, மகளின் கையைப் பிடித்து எழுந்தேன்.