சச்சிதானந்தன் சட்டை கழற்றிய தேர்த் திருவிழா

ஸ்காபரோவில் சச்சிதானந்தனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். அதில் முக்கால்வாசி புளுகு. மனிதனுக்குக் கராட்டி தெரியும் என்பார்கள். ஒரு மண்ணும் தெரியாது. ஊரில் பெரிய வீரன் என்பார்கள். ஆமிக்காரன் வந்தபோது எல்லோரையும் போல அவரும் பனங்காணிக்குள் விழுந்தடித்து ஓடியவர்தான். எண்பத்தாறில் கனடாவுக்கு வந்து இறங்கினார். மூன்று வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு மாடிக்கட்டடம் ஒன்றின் வாசலில் காவலாளியாக நின்றார். தொண்ணூற்றிரண்டில் பொலிசில் சேர்ந்தார். உயரம் ஐந்தடி எட்டு. அவ்வளவுதான் விஷயம்.

பொலிஸ் வேலை என்றதும் சனம் சும்மா விடுமா? "உமக்கு வேற வேலையே கிடைக்கேல்லை?" என்று கலியாண வீட்டிலும் கேட்டார்கள், செத்த வீட்டிலும் கேட்டார்கள். பொலிஸ் வந்தால் வீட்டில் ஒருவர் குறைவார் என்ற ஊரிலிருந்து வந்த சனம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மங்கையற்கரசியைப் பெண் கொடுத்தபோது மாமனாரே "மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம்" என்று மட்டும்தான் ஊருக்கு எழுதினார். என்ன உத்தியோகம் என்று எழுதவே இல்லை.

வேலை முடிந்தால் துவக்கு, அதாவது கைத்துப்பாக்கி, பொலிஸ் ஸ்ரேசன் பெட்டகத்துக்குள், ஆள் வோபர்னில் இருந்த வீட்டுக்கு. அதுதான் இங்கே பொலிசின் விதி. ஐந்து வருடம் அந்த விதியோடு அவர் நிம்மதியாக இருந்தார். தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதத்தில் நடந்த ஒரு வாள்வெட்டுத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தமிழ்க் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில், ராகுலன் என்ற இருபத்திரண்டு வயதுக்காரன் இன்னொருவனை வாளால் வெட்டினான். வெட்டுப்பட்டவனுக்கு இரண்டு விரல் போயிற்று. நூறு பேர் பார்த்தார்கள். பொலிஸ் வந்து கேட்டபோது நூறு பேரும் பால் வாங்க உள்ளே போயிருந்தார்களாம். வெட்டுப்பட்டவனே ஆளைத் தெரியாது என்றான். ஒரேயொரு ஆள்தான் "நான் கண்டனான்" என்றது. அது கிளடிஸ் அக்கா. அந்தப் பிளாசாவில் தலைமயிர் வெட்டும் கடை வைத்திருந்த குருநகர்க்காரி, ஐம்பது வயது, புருசன் இல்லை. அவளிடம் வாக்குமூலம் எடுத்தது சச்சிதானந்தன். "பயப்பிடாதேங்கோ அக்கா, இது கனடா" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அதை வைத்துத்தான் ராகுலனை உள்ளே போட்டார்கள்.

ஆனி மாதம் வீட்டுக்கு ஒரு தொலைபேசி வந்தது. இளந்தாரிக் குரல். மிகவும் மரியாதையாகப் பேசியது. "அண்ணை, தேர்த் திருவிழாவுக்கு வருவீங்கள்தானே? கோயிலுக்குள்ள சட்டை இல்லாமல்தானே நிப்பீங்கள்?" அவ்வளவையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. வெறும் மேலில் வெட்டு நன்றாக விழும் என்பதுதான் அதன் அர்த்தம். அது ராகுலனுடைய தமையன் வினோதனின் குரல் என்று சச்சிதானந்தனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கோட்டில் நீதவான் முன்னால் நிரூபிப்பது வேறு.

அவருடைய மேலதிகாரி சார்ஜன்ற் றொபேட் நல்ல மனிதன். விஷயத்தைக் கேட்டதும் மேலிடத்தோடு பேசி ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். வழக்கு முடியும் வரை வேலையில்லாத நேரத்திலும் சச்சிதானந்தன் துவக்கு வைத்திருக்கலாம். ஆனால் வெளியே தெரியக்கூடாது, காருக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அந்த ஸ்ரேசனில் அப்படிக் கடிதம் வாங்கியவர்கள் ஒரு கையின் விரலுக்குள் அடங்குவார்கள். வாங்கிய அன்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஏன் பொய் சொல்வான்.

பெருமை ஒரு கிழமை தாங்கவில்லை. வலது இடுப்பில் காற்சட்டைக்குள் அந்தச் சாமான். அதை மறைக்க மேலே கோட்டு. யூலை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு தேங்காய் வாங்கப் போகிறவனை ஸ்காபரோ கவனிக்காதா? பிறந்தநாள் விழாவில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருந்தார். நாலு வயது மகள் அட்சயாவைத் தூக்கினால் அவள் முழங்கால் இரும்பில் இடித்தது. இடப்பக்கம் தூக்கிப் பார்த்தார். பிறகு தூக்குவதையே விட்டுவிட்டார். பிள்ளை இரண்டு நாள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தாயிடம் போய்விட்டாள்.

கோயில்தான் பெரிய தலையிடி. ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றாமல் அம்மனுக்கு முன்னால் போக முடியாது. சட்டையைக் கழற்றினால் துவக்கு வெளியே. காருக்குள் வைக்கவும் அனுமதி இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் மனைவியையும் பிள்ளையையும் உள்ளே விட்டுவிட்டு அவர் கார்களுக்கிடையில் நின்றார். மூன்றாவது வெள்ளியே கதை கிளம்பிவிட்டது. "ஆள் வேதத்துக்கு மாறிட்டாராம். பெந்தெகொஸ்தாம்." அதையும் பொறுத்துக்கொண்டார்.

கிளடிஸ் அக்கா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆவணி முதற்கிழமை தலைமயிர் வெட்டப் போனார்.

"கோட்டைக் கழட்டும் தம்பி. வேர்த்து ஒழுகுது."

"பரவாயில்லை அக்கா. அப்பிடியே வெட்டுங்கோ."

அவள் துணியைக் கழுத்தில் கட்டினாள். கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தபடி சொன்னாள். "இடுப்பில வைச்சிருக்கிறீர். எனக்குத் தெரியும். இந்த முழுப் பிளாசாவுக்கும் தெரியும். நீர்தான் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறீர்."

சச்சிதானந்தன் துணிக்குக் கீழே கோட்டை இழுத்து மூடினார்.

"உமக்குப் பயம் எண்டதும் துவக்குத் தந்தினம். எனக்கு என்ன தந்தினம்? இந்தக் கத்தரிக்கோலோ?" மயிரை இழுத்து இழுத்து வெட்டினாள். "இது கனடா, பயப்பிடாதேங்கோ எண்டு ஆர் சொன்னது? அதை நம்பித்தானே கையெழுத்து வைச்சனான். இப்ப நீரே பயந்துபோய்க் கோட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு நிக்கிறீர். பொலிசுக்காரனுக்கே துவக்கில்லாமல் கடைக்குப் போகேலாது எண்டால், நான் வெறுங்கையோட கோட்டுக்குச் சாட்சி சொல்ல வாறதோ? நான் வரமாட்டன் தம்பி. வேற ஆளைப் பாரும்."

வேறு ஆள் எங்கே இருக்கிறது? கிளடிஸ் வராவிட்டால் வழக்கு இல்லை. ராகுலன் சிரித்துக்கொண்டு வெளியே வருவான். அடுத்த வெட்டுக்கு ஒரு சனமும் எதையும் கண்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமை தேர், மறுநாள் திங்கட்கிழமை கோட்டில் வழக்கு. இடையில் பத்து நாள்தான் இருந்தது.

அந்தக் கிழமையே கோயில் பரிபாலன சபைத் தலைவர் சிவபாதம் போன் எடுத்தார். சுற்றி வளைத்துச் சுகம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தம்பி, கோவிக்கப்படாது. இந்த முறை தேருக்கு நீர் வராமல் விட்டால் நல்லம் எண்டு சபையில கதைச்சனாங்கள். சனம் பயப்பிடுது."

"என்னை வெருட்டினவங்களுக்கோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. உமக்கு. உம்மட்டைத்தானே துவக்கு இருக்கு."

சச்சிதானந்தன் போனைப் படாரென்று வைத்தார். அவரை வெருட்டியவனைக் கோயிலுக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. வினோதன் வருடா வருடம் தேர் வீதி சுடாமல் தண்ணீர் அடிக்கிற தொண்டன். அவன் வருவான். பயமுறுத்தப்பட்டவன் வீட்டில் இருக்க வேண்டும். என்ன நியாயம் இது!

இதற்குள் மங்கையற்கரசியின் நேர்த்திக்கடன் வேறு. அட்சயா இரண்டு மாதம் முந்திப் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தகப்பன் ஐந்து வருடம் தேருக்குப் பின்னால் தரையில் உருண்டு பிரதட்டை செய்வார் என்று தாய் நேர்ந்துவிட்டாள். உருளப்போகிற மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை; அது அவளுடைய வழக்கம். நாலு வருடம் அவர் வெறும் மேலோடு தாரில் உருண்டுவிட்டார். இது ஐந்தாவது.

"இஞ்சாருங்கோ, அடுத்த வருசம் செய்யலாம்" என்றாள் மங்கையற்கரசி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "அம்மன் கோவிக்கமாட்டா."

"அம்மன் கோவிக்கமாட்டா. நான் கோவிப்பன்" என்றார் சச்சிதானந்தன். "என்ர கோயிலுக்கு நான் எப்ப வாறது எண்டு உவங்கள் ஆர் எனக்குச் சொல்ல? நான் போறன் மங்கை. வெறும் மேலோடதான் போறன்."

தேரன்று காலை ஏழு மணிக்கு வேட்டியோடு ஸ்ரேசனுக்குப் போனார். குண்டுகளை எண்ணி, துவக்கைப் பதிந்து கொடுத்தார். கடிதத்தையும் மேசையில் வைத்தார். றொபேட் கடிதத்தையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்றைக்கென்று பார்த்தா இதைக் கொடுக்கிறாய்? கோயிலுக்கு வெளியே சட்டையோடு நின்று கும்பிட்டால் உங்கள் கடவுள் ஏற்க மாட்டாரா?"

"ஏற்பார். என் சாட்சி ஏற்கமாட்டாள்" என்றார் சச்சிதானந்தன்.

றொபேட்டுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனாலும் பதிவுப் புத்தகத்தை நகர்த்திக் கையெழுத்து வாங்கினார். தெருமுனையில் ஒரு பொலிஸ் கார் நிற்கும் என்றார். அது வழமையாகத் திருவிழாவுக்கு நிற்கிற கார்தான் என்று இருவருக்கும் தெரியும்.

கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். அதைச் சுற்றியிருந்த கார் நிறுத்துமிடம்தான் தேர் வீதி. சச்சிதானந்தன் காரிலிருந்து இறங்கி, சட்டையைக் கழற்றி, மடித்து, மனைவியின் கையில் கொடுத்தார். அதை மறைவில் செய்யவில்லை; வாசலில், செருப்புகள் குவிந்திருந்த இடத்தில், எல்லோரும் பார்க்கச் செய்தார். சனம் ஒருகணம் பேச்சை நிறுத்தியது. சிவபாதம் ஓடி வந்தார். வெறும் இடுப்பைக் கண்டதும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திருநீற்றுத் தட்டை நீட்டினார். "கிட்ட வந்து பாருங்கோ அண்ணை, ஒண்டும் இல்லை" என்றார் சச்சிதானந்தன். சிவபாதத்துக்கு முகம் கறுத்துவிட்டது. நன்றாக வேண்டும்.

தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு, ஈர வேட்டியை இறுக்கிக்கட்டி, தேர் நகர்ந்ததும் தாரில் விழுந்தார். கையிரண்டையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு உருளத் தொடங்கினார். உருளுகிறவனுக்குத் திசை தெரியாது. வானம், தார், வானம், தார். கோணிக்கொண்டு போனால் பக்கத்தில் வருகிற தொண்டர்கள் பிடித்து நேராக்கிவிட வேண்டும். அவர்களை நம்பித்தான் உருளுவது.

இரண்டாவது வீதியில் திரும்பும்போது அவர் கோணிவிட்டார். ஒரு கை வந்து தோளைப் பிடித்தது. கண்ணைத் திறந்தால் வினோதன். மற்றக் கையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"துவக்கு எங்க அண்ணை?" என்று மெதுவாகக் கேட்டான்.

சச்சிதானந்தன் மல்லாக்கக் கிடந்தபடி அவனைப் பார்த்தார். பயம்தான், இல்லையென்று அவர் பிறகும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவனும் வேட்டியோடும் வெறும் மேலோடும்தான் குனிந்திருந்தான். அவனிடமும் ஒளிக்க ஓர் இடமில்லை.

"ஸ்ரேசனில" என்றார். "நீ கேட்டமாதிரித்தான் வந்திருக்கிறன். சட்டை இல்லாமல். என்ன செய்யப்போறாய், செய்."

சுற்றி வர சனம். பின்னால் இன்னும் முப்பது பேர் உருண்டு வந்துகொண்டிருந்தார்கள். வினோதனின் சொந்தத் தாய் பத்தடியில் கற்பூரச்சட்டியோடு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"தண்ணியை முன்னுக்கு அடி" என்றார் சச்சிதானந்தன். "தார் சுடுது."

வினோதன் அவரை நேராகத் திருப்பிவிட்டு, முன்னால் போய்த் தண்ணீர் அடித்தான். அவர் ஈரத்தில் உருண்டு போனார்.

தேர் இருப்பிடத்துக்குத் திரும்பி வந்தபிறகு முதுகெல்லாம் சிராய்ப்போடு எழுந்து நின்றார். அட்சயா ஓடி வந்து கையை நீட்டினாள். தூக்கி வலப்பக்க இடுப்பில் வைத்தார். அப்போதுதான் தெருவின் மறுகரையில் குடையோடு நின்ற கிளடிஸ் அக்காவைக் கண்டார். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்த சேலை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவர் அப்படியே, சட்டையில்லாமல், பிள்ளையோடு தெருவைக் கடந்து போனார்.

"முதுகு கிழிஞ்சு போச்சு" என்றாள் அவள்.

"ஓம் அக்கா."

"அந்தச் சாமான்?"

"குடுத்திட்டன். கடிதத்தையும் குடுத்திட்டன். இனி எடுக்கமாட்டன்."

கிளடிஸ் அக்கா குடையைப் பிள்ளைக்கு மேலே பிடித்தாள். பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்கு. நான் காரில வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"நீர் ஒண்டும் வரவேண்டாம்" என்றாள். "நான் பஸ்ஸில போவன். தனியத்தான் போவன். அவங்களும் பாக்கட்டும்."

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, அதே சேலையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளடிஸ் அக்கா லோரன்ஸ் வீதி பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்து போனதை வோபர்னில் கனபேர் கண்டார்கள். கண்டதாகச் சொல்லவும் செய்தார்கள்.