நான் உரக்கச் சொன்ன பெயர்

ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டில் இரண்டாம் மாடி வரை சாம்பார் வாசனையும் அதற்கு மேல் பச்சை மீன் வாசனையும் அடிக்கும். மீன் நாத்யா ஆன்ட்டியுடையது. உறைந்த மீனைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவி, உப்புத் தொட்டு அப்படியே தின்பார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் விருந்தினராக ஓராண்டு வந்திருந்த எழுத்தாளர். சைபீரியாவின் வடக்கு விளிம்பில் பனிமான் மேய்க்கும் நெனெத்ஸ் இனத்தவர். ஏழு வயதில் அவரைத் தோல் கூடாரத்திலிருந்து அரசாங்க ஹெலிகாப்டர் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனது. நாத்யா என்பது பள்ளி வைத்த ரஷ்யப் பெயர். "அதைச் சொல்லி யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், அதில் அந்த ஒரு லாபம்தான்" என்பார் உடைந்த ஆங்கிலத்தில். அவர்கள் வழக்கப்படி பெரியவர்களின் உண்மையான பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லக் கூடாது.

இதை என் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் பெயரை அவள் சொன்னதே இல்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். வங்கியில், பள்ளி அலுவலகத்தில், "அவர் பேரைச் சொல்லுடி, கேக்கறாங்க பாரு" என்று என் முதுகில் இடிப்பாள். "வொய் மீ, அம்மா?" என்று சலித்துக்கொண்டே சொல்வேன். "என் ஆயுசைக் குறைக்க எச்-ஒன் விசாவே போதும், நீ தாராளமா சொல்லு" என்று அப்பா அவளைச் சீண்டுவார். வீட்டில் இதற்குப் "பேர் சொல்ற டியூட்டி" என்று பெயர். பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

ஆன்ட்டியின் நாவல்கள் எல்லாம் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டவை, கூடாரத்துக்குத் திரும்பாத மகள்களைப் பற்றியவை. அவருடைய தாய்க்கோ ரஷ்ய மொழி தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் ஆன்ட்டி முதல்முறையாகத் தாய்மொழியில் எழுதிக்கொண்டிருந்தார், தாய்க்கு வாசித்துக் காட்டுவதற்காக. பாதிச் சொற்கள் விடுதியிலேயே செத்துவிட்டதால் பக்கம் நகராது. முதல் அத்தியாயம் முடிந்த சமயத்தில் தந்தி வந்தது: தாய் மருத்துவமனையில். ஊர் போய்வர வெளியேறும் அனுமதி, திரும்ப நுழையும் அனுமதி, இரண்டுக்கும் காத்திருப்பு. பிற்பாடு அதே மாதிரி குடிவரவு அலுவலக மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் விதிப்படியே நடந்தது.

ஆகவே மருத்துவமனைக்கு அழைத்துத் தொலைபேசியில் வாசித்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு நாள் காலை ஆன்ட்டி தன் தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்பாளே! தாயின் பெயரை ஆன்ட்டி எழுதித் தந்தார். எழுதலாம், வாய்தான் கூடாது. நான் சொன்னேன். மறுமுனையில் கேட்கவில்லை என்றார்கள். உரக்கச் சொன்னேன். யாரோ ரஷ்ய மொழியில் பேசினார்கள். ஆன்ட்டி ரிசீவரை வாங்கிக் கேட்டார், வைத்தார், பிறகு உள்ளங்கையால் என் வாயை மூடினார்.

"செத்தவர் பெயரை யாருமே சொல்லக் கூடாது. இனி நீயும்."

"தலைக்குக் குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போடி" என்றாள் அம்மா.

நான் குளித்துவிட்டு வந்தபோது ஆன்ட்டி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். எதிரில் அம்மா, ஒரு சொல்லும் புரியாமல், கடைசிப் பக்கம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் அத்தியாயம் எழுதப்படவில்லை. ஆண்டு முடிந்ததும் ஆன்ட்டி திரும்பிப் போனார். எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. அம்மாவும் இல்லை. ஆன்ட்டி இறந்த செய்தியைப் பல்கலைக்கழகத்தின் செய்திமடலில்தான் பார்த்தேன். ரஷ்ய எழுத்தாளர் என்று போட்டிருந்தார்கள். திருத்தம் கோரும் முறை எனக்கு அத்துப்படி, நெனெத்ஸ் எழுத்தாளர் என்று மாற்றச் சொல்லி முறைப்படி அனுப்பினேன். முறைப்படியே பதிலும் வந்தது: அவர் தாய்மொழியில் வெளிவந்த நூல் ஏதேனும் ஒன்றின் விவரம் தேவை.

அப்படி ஒரு நூல் கிடையாது.