கழுவாத சாயம்

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அப்பா பெருமாநல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். கோயம்புத்தூர் ஆய்வகத்தில் நானும் சாயம்தான் போடுகிறேன். துணிக்கு அல்ல, உயிருள்ள செல்லுக்கு.

கிருமியைப் பிடிக்க உடல் தயாரிப்பது ஆன்டிபாடி. அதன் பிடிக்கும் நுனித் துண்டை மட்டும் பாக்டீரியாவில் வளர்த்தெடுத்து, ஒளிரும் சாயத்தைக் கோத்துவிடுவோம். என் துண்டு பிடிக்க வேண்டியது, செல்லைத் தாங்கும் மெல்லிய புரத இழைகளை. துண்டு செல்லுக்குள் போனது. ஆனால் இழையில் ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்து மின்ன, மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே பச்சை.

மிச்சச் சாயத்தை அலசி எடுப்பதுதான் நான் பார்த்து வளர்ந்த வழி. கடைசித் தண்ணீர் தெளியும்வரை எந்தத் துணியும் பட்டறையைத் தாண்டாது. நானும் விடாமல் அலசினேன். சாயம் உள்ளேயே இருந்தது. செல்கள்தான் தட்டிலிருந்து பெயர்ந்து மிதந்தன.

பக்கத்து மேசைத் திருநெல்வேலி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது என்ன பனியனா? உசுருட்டி! இந்த அலசு அலசுத!"

பேராசிரியை சிரிக்கவில்லை. "இன்னொரு துண்டு செஞ்சு பாரும்மா. அதுவும் வரலைன்னா இந்த ஆராய்ச்சியை மூடிடலாம்."

எனக்கு இதை மூட மனமில்லை. கழுவ முடியாதென்றால், கழுவத் தேவையே இல்லாத சாயம் வேண்டும். தண்ணீரில் அணைந்தே இருந்து, நெருக்கமான இடத்தில் சிக்கினால் மட்டும் ஒளிரும் சாயங்கள் உண்டு. அப்படி ஒன்றைத் துண்டின் பிடிக்கும் இடத்தை ஒட்டியே, பிடி கெடாதபடி பார்த்துக் கோத்தேன். துண்டு இழையைப் பிடித்தால் சாயம் இரண்டுக்கும் நடுவே சிக்கும்.

புதிய துண்டைச் செல்லுக்குள் அனுப்பிய அன்று மதியம், கறுப்புத் திரையில் இழைகள் மட்டும் நூல் நூலாகத் தெரிந்தன. செல் நகர நகர அவையும் நீண்டு சுருங்கின. தேடியதைத் தொடும்வரை வெளிச்சம் காட்டாத அந்தத் துண்டின் மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்தது. "வேலையைத் தொடரும்மா" என்றார் பேராசிரியை.

சாயங்காலம் வீட்டிலிருந்த அப்பாவிடம் வீடியோ காலில் படத்தைக் காட்டினேன்.

"எத்தன தண்ணி அலசுன கண்ணு?"

"அலசவே இல்லீங்கப்பா. ஒட்டுன எடத்துல மட்டுந்தானுங்க வெளிச்சம். ஒட்டாதது இருட்டாவே கெடக்கும்."

"சும்மா சொல்லாத சாமி."

"நெசமாத்தானுங்க."

அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்: "இந்தா, அடுப்ப அணைச்சுட்டு வா! உம்புள்ள தண்ணியே ஊத்தாம சாயம் போட்டிருக்கறா!"