தையில் அழித்த கண்மாய்

எங்கள் ஊரில் எனக்கு மிகவும் பிடித்த திருவிழாவுக்குச் சாமியே கிடையாது. கண்மாயை அழிப்பது என்று அதற்குப் பெயர். அறுப்பெல்லாம் முடிந்து, பங்குனி சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரே சேர்ந்து இறங்கி மீன் பிடிக்கும். அதுவரை ஒருவரும் தூண்டில்கூடப் போடக் கூடாது. பிடித்ததை விற்கவும் கூடாது. கல்லலிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து குவிவார்கள். குழம்பு கொதிக்காத வீடு இருக்காது.

நான் நான்காவது படித்த வருடம் அது தையிலேயே வந்துவிட்டது. பொங்கல் முடிந்த கையோடு இன்னொரு விழா. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐப்பசி கார்த்திகை அடைமழை என்பார்கள். அந்த வருடம் புரட்டாசியிலேயே மொத்தமாகக் கொட்டிய மழை, கரையை உடைத்துப் பாதித் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் ஐப்பசியும் கார்த்திகையும் வெயிலாகவே கழிந்தன. இப்போதெல்லாம் மழை அப்படித்தான் பெய்கிறது. அன்று ஊர் அதை ஏதோ ஒரு வருடத்துக் கோளாறு என்றுதான் நினைத்தது.

தை பிறந்தபோது அப்பாவின் வயலில் கதிர் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல் வீடு வந்து சேரும். கண்மாய்த் தண்ணீரோ மடைக்குக் கீழே போய்விட்டது. மோட்டார் வைத்து இறைத்தாலும் நாலு வயலுக்குக் காணாது. யாருடைய நாலு வயல் என்று வெட்டுக்குத்து வரும். விட்டுவைத்தால் வெயிலில் தண்ணீர் சூடேறி மீன் செத்து மிதக்கும். ஊர்க்கூட்டத்தில் அப்பா ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார், மழை வந்தாலும் வரும் என்றார். ஊர்த் தலைமை பெரியப்பாவிடம் இருந்தது. அவர் வயலும் அடுத்த வயல்தான், அங்கேயும் அதே கதிர்தான்.

"நெல்லுதான் போச்சு. மீனையும் சாகக் குடுக்கணுமாப்பா?" என்றார் பெரியப்பா.

 அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் மீன் மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுநாள் காலை பெரியப்பா கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சனம் இறங்கியது. வழக்கமான கூச்சல் இல்லை. கூலிக்கு வந்தவர்கள் மாதிரி குனிந்து சேற்றைத் துழாவினார்கள். அம்மாவும் நானும் பழைய சேலையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அரித்ததில், என் கை நீளத்துக்கு ஒரு விரால் சிக்கியது. அதைக் காட்ட அப்பாவைத் தேடினால், அவர் கண்மாய்ப் பக்கமே வரவில்லை.

வயலில் இருந்தார். முள்படலைத் தானே திறந்து, ஆட்டுக்காரரின் ஆடுகளை உள்ளே விட்டிருந்தார். ஆடு மூக்கை நுழைத்தாலே கல்லெடுத்து எறிகிற மனிதர், அன்று அவற்றைக் கதிர்ப் பக்கமாக ஓட்டிவிட்டுக்கொண்டிருந்தார். விழா ஆடுகளுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்குட்டு பாருங்கப்பா" என்று மீனைத் தூக்கிக் காட்டினேன். "அடுத்த வருசமும் தையிலயே அழிக்கச் சொல்லுங்கப்பா."

அவர் மீனை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"சொல்றேன் ஆத்தா."



அன்று மதியம் அப்பா குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பிடித்த மீன் அவ்வளவு ருசி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரிலிருந்து அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு மீன்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.