பழசை மாற்றட்டுமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது. நானும் மரியாதையாகப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்… அறுபது பிள்ளைகளின் டி.சி. அந்தரத்தில் தொங்கியது.

இடம், திருநகர் பக்கம் ஒரு மிஷன் ஸ்கூல் ஆபீஸ். ஹெட் கிளார்க் பீட்டர் அண்ணே எனக்குப் பழக்கம். நான் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன் என்பது ஊருக்கே தெரியும் — நானே சொன்னதுதான். டி.சி. அடிக்கும் பேக்கேஜின் புது வெர்ஷன் ஐந்து ஃப்ளாப்பியில் வந்திருக்கிறது, கூட வந்து உட்காரு என்று கூப்பிட்டார். மறுநாள் காலையில் பத்தாவது முடித்த பிள்ளைகள் வருவார்கள். டி.சி. இல்லாமல் வேறு ஸ்கூலில் பிளஸ் ஒன் சேர முடியாது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தோம். மூன்றாவது ஃப்ளாப்பி ஓடும்போது ஹெட்மாஸ்டர் கூப்பிட, அண்ணே எழுந்து போனார். அந்த நேரம் பார்த்துத் திரையில் கேள்வி. பழைய செட்டிங் ஃபைல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துவிட்டுப் புதுசை வைக்கட்டுமா? ஆம் என்றால் Y, இல்லை என்றால் N.

மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இன்னொரு தோசை வைக்கட்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் நமக்கு உண்டா? வைக்கிறவர் மனசு என்ன பாடுபடும்! Y அடித்தேன்.

அண்ணே திரும்பி வந்து, எல்லாம் ஏறியதும், சோதனைக்கு ஒரு டி.சி. அடித்தார். பையன் பெயர் போய் ஸ்கூல் முத்திரை மேல் உட்கார்ந்திருந்தது. 'நடத்தை' என்ற இடத்தில் அவன் அப்பா பெயர்.

அச்சகத்தில் அடித்த டி.சி. ஃபாரத்தில் கோடுகள் கொஞ்சம் கோணல். ஸ்கேல் வைத்து அளந்து, இது அரை வரி கீழே, அது மூன்று எழுத்து தள்ளி என்று நாலு மாதம் ஒவ்வொரு எண்ணாக அண்ணே திருத்தி வைத்ததுதான் அந்தப் பழைய ஃபைல். காப்பி கிடையாது.

"அது கேட்டுச்சுண்ணே… அதான்" என்று இழுத்தேன்.

"அது உன்னையக் கேட்டுச்சு. நீ என்னையக் கேட்டியா?"

வெட்கமாகப் போய்விட்டது. புதுசாக வருகிற அதிகாரிகள் வந்த அன்றே மேஜையைத் திருப்பிப் போடுவார்கள். ஏன் அந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று யாரையும் கேட்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு முகத்தில் வெயில் அடிக்கும்போதுதான் காரணம் தெரியும். அவர்களைக் கிண்டல் செய்து இதே பக்கத்தில் நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

நல்லவேளை, பழைய டி.சி.களின் ஆபீஸ் காப்பி இருந்தது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அண்ணே அளக்க, நான் எண்களை அடித்தேன். எத்தனை ஃபாரம் வீணானது என்று கேட்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குப் பெயர் புள்ளிக்கோட்டில் இறங்கியது. அண்ணே அந்த ஃபைலை இரண்டு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மனசு கேட்காமல் மறுநாள் காலையிலும் போய் நின்றேன். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கீபோர்டில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. உற்றுப் பார்த்தால்… Y இல்லை. பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார் மனுஷன்!

பத்தாவதாக யேசுராஜ் என்று ஒரு பையன் வந்தான். அண்ணே பையிலிருந்து Y-ஐ எடுத்தார், மாட்டினார், அவன் பெயரை இங்கிலீஷில் அடித்தார், மறுபடி பிடுங்கினார் — என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார்.