ரம் லார்ஜ், ஐஸ் ரெண்டு

பாரில் வந்து நின்றுகொண்டு கேட்கத் தெரியாமல் முழிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கவுண்டருக்குப் பின்னால் பதினெட்டு வருடம் நின்றவன் சொல்கிறேன்: என்ன வேண்டும், எவ்வளவு, எதோடு, அவ்வளவுதான். அதற்குப் போய்ச் சிலர், டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி நெளிவார்கள். அவர்களில் முதல் ஆள் லிஃப்ட்காரர்.

எதிர்க் கட்டடத்துக் கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாற்பதைத் தாண்டியவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விரல் இடுக்கில் கிரீஸ், தோளில் ஸ்பானர் பை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம், நான் இங்கதான் இருக்கேன்" என்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் அடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு முகத்துக்கு நேரே மட்டும் பேச்சு வராது. என் முன்னால் வந்து, "ஏதாவது... இருக்கிறதக் குடுங்க" என்பார். எழுபது பாட்டில் இருக்கிறது ஐயா, எதைக் கொடுப்பது?

ஒருநாள் மாலை, கடை திறந்த கையோடு வந்து, பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"சனிக்கிழமை மச்சான் வர்றார் சார், என் வீட்டுக்காரியோட அண்ணன். உன் புருஷனுக்கு ஒரு கிளாஸ் தண்ணி கேட்டு வாங்கத் தெரியாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிக்கிறார். அவ முகம் சுருங்கிப்போகுது. எப்படிக் கேக்கணும்னு சொல்லுங்க."

பாவமாக இருந்தது, கூடவே எரிச்சலும். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாக வந்தவர் இறந்துவிட்டால், அவர் கேட்டதை அதே அளவில் வேறு யாருக்கும் ஊற்றமாட்டோம். தற்செயலாக யாராவது அதையே கேட்டாலும் ஐஸ் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்போம். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று அது நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். வந்தது. ஆனால் நான் கேட்டதிலேயே ஜோரான ஆர்டர் என் அண்ணனுடையது. அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"இடது கைய விரிச்சு கவுண்டர் மேல வைங்க. என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. ரம் லார்ஜ். ஐஸ் ரெண்டு. தண்ணி ஒரு விரல். எலுமிச்சை ஒரு கீத்து. அவசரமில்ல."

"அவசரமில்லன்னும் சொல்லணுமா?"

"அதுலதான் சார் கெத்தே இருக்கு."

அண்ணன் போய் ஆறு வருடம். கடைசியாக அவன் அந்த வார்த்தைகளைச் சொன்னபோது, கேட்காமல் என் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் கறையாக்கிய கோபத்தில், "உனக்கு ஊத்த முடியாது, போ" என்றேன். பத்துப் பேர் முன்னால். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவன் சிரித்துக்கொண்டே போனான். மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை லிஃப்ட்காரர் கையை வைத்தார், கண்ணைப் பார்த்தார், பிசிறில்லாமல் சொன்னார். மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு தினமும் வந்தார். நாலாம் நாள் கிளாஸை இடது கையால் எடுத்தார். அவர் வலது கைக்காரர்; என் அண்ணன்தான் இடது கைக்காரன். அடுத்த வாரம் எலுமிச்சையை மென்று, விதைகளைக் கவுண்டர் விளிம்பில் வரிசையாக வைத்தார். அண்ணன் அப்படித்தான் வைப்பான்; ஆனால் அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஸ்பானர் பை இல்லாமல் வர ஆரம்பித்தார். கம்பெனி ஆள் வந்து தோளைத் தட்டிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தவர்போலச் சும்மா இருந்தார்.

ஒருநாள் கூட்டமில்லாத நேரம். கையை விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டேய் நண்டு, ஒரு சட்டைக்கா அவ்வளவு கோபம்?"

நண்டு என்று என்னைக் கூப்பிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான். பயந்தேன், ஒத்துக்கொள்கிறேன். பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆறு வருடமாகத் தொண்டையில் நின்ற மன்னிப்பைக் கேட்டுவிட்டு, அதே அளவில் ஊற்றினேன்.

மறுநாள் மனசு கேட்காமல் மூன்று ஐஸ் போட்டுப் பார்த்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் மாறியது. "சார்... நான் எப்ப வந்தேன்? வீட்ல அவ தேடுவாளே" என்று திக்கினார். லிஃப்ட்காரரேதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிளாஸை வெடுக்கென்று பிடுங்கிக் கொட்டிவிட்டு, சரியான அளவில் வேறு ஊற்றிக் குடிக்கவைத்தேன்.

அன்றிலிருந்து கடை மூடியதும் என்னோடு வீட்டுக்கு வருகிறார். என் அலமாரியைத் திறந்து பிடித்த சட்டையைப் போட்டுக்கொள்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

நாலு நாள் கழித்து அவர் மனைவி வந்தார். நேராக அவரிடம் போய், "ஏங்க" என்றார். அவர் திரும்பவில்லை. அந்த அம்மா அவர் கையைத் தொட்டார். முன்பின் தெரியாத பெண்ணுக்கு இடம் விடுவதுபோல, அவர் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"நாலு நாளா வீட்டுக்கு வரலண்ணே. பாப்பா, அப்பா எங்கன்னு கேக்குது. என்னை யாருன்னே தெரியல அவருக்கு. நீங்க சொன்னா கேப்பார். எங்கூட அனுப்பி வைங்கண்ணே."

ஐஸ் வாளி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை மனம் இளகியிருக்குமோ என்னவோ.

"நீங்க வேற யாரையோ தேடி வந்திருக்கீங்கம்மா" என்றேன். "இவர் என் அண்ணன்."